இரண்டு கட்டங்களும் என் வலது காதும்

முதலில் என் முட்டாள்தனத்தை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, சர்வீஸ் இருபத்தாறு வருடம், மூன்று மொழியிலும் கையெழுத்துப் போடத் தெரியும். இத்தனை இருந்தும், 'இயலாமை உள்ளவர்' என்று ஒரு தாளில் என் பேர் விழுந்துவிட்டால் அன்றிலிருந்து சட்டப்படி நான் அரைப்பேர் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. அந்தத் தாளில் பேர் விழாமல் இருக்க ஒரு மாதம் ஓடியாடி உழைத்தேன். அந்த உழைப்பில் பாதியை வேலையில் காட்டியிருந்தால் இந்நேரம் மெனேஜர் ஆகியிருப்பேன்.

அரைப்பேர் என்றால் என்னவென்று தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். நான் பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். அங்கே ஒரு நாள் வேலைக்குப் பெயரே 'பேர்'தான். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கப்பிள்ளை அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லித்தான் எழுதுவார். எங்கள் லயத்தில் ஒருவருக்குத் தேயிலைச் செடியைக் கத்தரிக்கிற கவ்வாத்துக் கத்தி பட்டு இடது கையில் மூன்று விரல் மடங்காது. அவருக்கு அநேகமாக எல்லா நாளும் அரைப்பேர்தான். கடைசியில் அவர் மேட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தே "அரைப்பேரு வருது" என்பார்கள். ஆள் முழுசாகத்தான் வருவார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பத்து வயதில் சிரித்ததை நாற்பது வருடம் கழித்துச் சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். என் சட்ட அறிவு அவ்வளவுதான்.

இப்போது நான் குடியிருப்பது மஹய்யாவயில். வேலை, பேராதனைக்குப் போகும் வழியில் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஒரு தேயிலைக் கம்பனியில். தோட்டங்களிலிருந்து சாக்கில் வருகிற தேயிலையைக் கலந்து, பெட்டியில் அடைத்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம். நான் ஸ்டோர் கிளார்க். வந்த சாக்கை வந்தது என்றும் போன பெட்டியைப் போனது என்றும் எழுதுகிற ஆள்.

முதல் பதினான்கு வருடம் என் மேசை கலவை டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு சின்ன வீடு அளவுக்கு இரும்பு உருளை, உள்ளே தேயிலையைப் போட்டுச் சுற்றுவார்கள். அது எனக்கு வலப்பக்கம். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள் என்று யாரோ ஒருமுறை சொன்னார்கள். பஞ்சு வைத்தால் ஊர் வம்பு கேட்காதே என்று நான் வைக்கவில்லை. பிறகு டிரம்மைச் சுவர் கட்டித் தனி அறைக்குள் கொண்டுபோனார்கள். சத்தம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது. இன்றைக்கு என் நிலவரம் இதுதான்: வலது காது ஓய்வு பெற்றுவிட்டது, இடது காது நினைத்தால் வேலைக்கு வரும்.

இதை யாருக்கும் தெரியாமல் வைத்திருப்பதற்கு நான் கைவசம் வைத்திருந்த வித்தைகளைச் சொன்னால் ஒரு நாள் போதாது. பேசுகிறவரை இடப்பக்கம் வைத்துக்கொள்வது சாதாரண வித்தை. கூட்டம் என்றால் சுவரோரக் கதிரை, எல்லாருடைய வாயும் தெரிகிற இடம். பெரிய வித்தை பகிடி. ஒருவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஒரு பகிடியை விட்டுவிடுவேன். அவர் சிரிப்பார். சிரித்து முடித்ததும் கேட்க வந்ததைக் கொஞ்சம் உரக்கக் கேட்பார், இல்லாவிட்டால் மறந்தே போவார். எங்கள் கம்பனியில் என்னைப் போலப் பகிடிக்காரன் இல்லை என்று எனக்கொரு பேர் உண்டு. அதில் பாதி, கேள்வி என்னவென்றே தெரியாமல் சம்பாதித்தது.

உண்மை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று என் மனைவி. மற்றது எங்கள் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அக்குறணைக்காரன், என் வயது, நான் சேர்ந்த அதே வருடம் சேர்ந்த முஸ்லிம் நண்பன். பன்னிரண்டு மணிக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்போம்.

போன வருடம் கம்பனிக்கு ஒரு புது வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்தார். தேயிலையின் ருசியைக் கேட்டதோடு விடாமல், 'உங்களிடம் இயலாமை உள்ளவர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன செய்து கொடுத்திருக்கிறீர்கள்' என்றும் கேட்டாராம். உடனே எச்.ஆர். கந்தோரிலிருந்து மூன்று மொழியில் ஒரு படிவம் வந்தது. கொண்டுவந்து கொடுத்தது அங்கே பொறுப்பாக இருக்கிற சிங்களப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். வகுப்புக்குப் போய்த் தமிழ் படித்தவர், அதனால் எங்கள் எல்லாரையும் விடச் சுத்தமாகப் பேசுவார். என்னை மட்டும் சிங்கள வழக்கப்படி, அண்ணன் என்கிற அர்த்தத்தில், 'அய்யே' என்பார்.

படிவத்தில் இரண்டு பந்தி. யாரை இயலாமை உள்ளவர் என்கிறோம் என்பதற்கு இரண்டு விளக்கம். முதலாவது நாட்டின் சட்டத்தில் உள்ளது: உடலிலோ மனத்திலோ உள்ள ஒரு குறையால், வாழ்க்கைக்குத் தேவையானவற்றை முழுசாகவோ பாதியாகவோ தானாகச் செய்துகொள்ள முடியாதவர். இரண்டாவது கம்பனி புதிதாக ஏற்றுக்கொண்டது: நீண்ட காலம் நீடிக்கிற ஒரு குறை, சுற்றியிருக்கிற தடைகளோடு சேர்ந்து, ஒருவரை மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்ய விடாமல் மறித்தால் அவர். கீழே இரண்டு கட்டம். ஆம், இல்லை. இரண்டு பந்தியில் எதில் வந்தாலும் 'ஆம்' போடலாம் என்று ஒரு குறிப்பு.

நான் அந்தத் தாளைச் சோற்றுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்து, அக்குறணைக்காரனுக்கு முன்னால் என் வழக்கை ஆரம்பித்தேன்.

"இந்தா கேளு. வாழ்க்கைக்குத் தேவையானத தானா செஞ்சிக்க முடியாதவரு. நான் எல்லாத்தையும் நானாத்தானே செஞ்சிக்கிறேன்?"

"இந்த சோத்த யாரு கட்டின?"

"அவதான் கட்டுனா."

"சேர்ட்ட யாரு அயன் பண்ணின?"

"அவதான்."

"கண்ணாடி எங்க வெச்செண்டு காலையில யாருக்கிட்ட கேட்ட?"

நான் சோற்றைப் பிசையத் தொடங்கினேன்.

"அப்ப நீ சட்டப்படி முழுசா வுழுந்திட்டாய் மச்சான். ஆமுக்குப் போடு."

"சரி, அத விடு. ரெண்டாவதப் பாரு. தடைகளோட சேர்ந்துன்னு போட்டிருக்கு. எனக்கு இங்க என்ன தடை? நீதான் தடை."

அவன் சிரிக்கவில்லை. "பகிடி வுடாத. நான் ரிவர்ஸ் எடுக்கக்கொள்ள வண்டி அடிக்கிற பீப் ஒனக்குக் கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

எனக்குக் கேட்டது பீப் இல்லை. மோட்டாரின் உறுமல் கொஞ்சம் கேட்கும். தரை அதிர்வது சப்பாத்து வழியாகத் தெரியும். எதிரே நிற்கிறவன் கண் என் முதுகுக்குப் பின்னால் போவது தெரியும். இந்த மூன்றையும் கூட்டி நான் 'கேட்குது' என்று பேர் வைத்திருந்தேன். படிவத்தில் 'இல்லை' கட்டத்துக்குள் ஒரு புள்ளடி போட்டேன். தேர்தலில்கூட அவ்வளவு அழுத்திப் போட்டதில்லை.

ஏன் போட்டேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. 'ஆம்' போட்டால் என் மேசையில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார், நான் முற்றம் கூட்டுவேன், மாதக் கடைசியில் பாதிச் சம்பளக் கவர் கையில் இருக்கும், என் பின்னால் நின்று யாரோ அந்தப் பேரைச் சொல்வார்கள். அதையும் நான் கேட்க மாட்டேன். இந்தப் படம் முழுவதும் கலரில் என் தலைக்குள் ஓடியது. ஓட்டியவனும் நான், டிக்கட் எடுத்தவனும் நான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. மழை. லொறி ஏற்றுகிற இடத்தில் நான் குனிந்து பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எதிரே யாரும் நிற்கவில்லை, ஆகவே பார்ப்பதற்கு ஒரு முகமும் இல்லை. மழையில் தகரக் கூரை போட்ட சத்தத்தில் மோட்டாரும் தெரியவில்லை. அக்குறணைக்காரன் உயரமாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு பின்னால் எடுத்திருக்கிறான். பீப் அடித்திருக்கிறது. லொறியில் நின்ற பையன்கள் கத்தியிருக்கிறார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்து பிரேக் போட்டதில் மேல் அடுக்கு வண்டியின் கூரைக்கு மேலாகச் சரிந்து, நாலைந்து பெட்டிகள் என் குதிகாலுக்குப் பக்கத்தில் விழுந்தன. திரும்பினேன். வண்டியின் பின்புறம் என்னிலிருந்து ஒரு முழம்.

என் வாய் இருக்கிறதே, அது என்னைவிட முந்திவிடும். "தேயிலை வெல எறங்குதுன்னு சொன்னாங்க, தலைக்கு மேலேயே எறங்கும்னு சொல்லல்லியே" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் இறங்கி வந்தான். என் இடப்பக்கம் வந்து நின்று, மெதுவாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் விளங்குகிற மாதிரிச் சொன்னான்.

"நீ மவுத்தாகிப் போனா ஒன்னோட முடிஞ்சிரும். நான் ஒன்ட வூட்டுக்குப் போய் அவங்களுக்கு என்னெண்டு செல்லுற? பீப் அடிச்சேன், ஒங்கட மனுசனுக்குக் கேக்கல்ல, எனக்கு அது தெரியும், தெரிஞ்சிக்கிட்டுத்தான் இருந்தேன் எண்டு செல்லுறதா?"

"மச்சான்…"

"நீ செல்லுறியா, நான் செல்லட்டா?"

"ஒரு கிழமை குடு."

ஏழு நாள் கொடுத்தான். கந்தோருக்குப் பெட்டி சரிந்தது என்று மட்டும்தான் அறிக்கை எழுதினான், என் காதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆனால் அன்றிலிருந்து பன்னிரண்டு மணிக்கு அவன் வேறு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டான். அவன் கிழமை முடிவதற்குள்ளேயே அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஏறியது. சம்பவத்தைத் தொடர்ந்து ஸ்டோர் ஆட்கள் அனைவருக்கும் வியாழக்கிழமை கண்ணும் காதும் பரிசோதிப்பார்களாம், அதற்கு ஒரு வாகனம் கம்பனி முற்றத்துக்கே வருமாம்.

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"நல்லதுதானே. போயிக் காட்டுங்க."

"காட்டுனா அரைப்பேர் ஆக்கிருவாங்க."

அவள் மஹய்யாவயிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்குக் கொழுந்துக் கணக்கு தெரியாது. விளக்கினேன். மெஷின் நின்றது.

"இதென்னாங்க புதுசா? இந்த வீட்டுல நீங்க என்னிக்கி முழுப்பேருக்கு வேல செஞ்சீங்க?"

ஆனாலும் எனக்காக உள்ளிப் பூண்டுப் பல்லை நல்லெண்ணெயில் காய்ச்சி, ஆறவைத்து, இரண்டு காதிலும் விட்டாள். இரண்டு நாள் என்னிடமிருந்து ரசம் வாசனை வந்தது. புதன்கிழமை குக்கரை வைத்து ஒரு ஒத்திகையும் பார்த்தோம். நான் முன் அறையில், அவள் குசினியில்.

"எத்தன விசிலுங்க?"

"மூணு!"

"ஏழு. பருப்பு கரைஞ்சே போச்சி."

வேறு வழியில்லை, கள்ளத்தனம் பண்ணியாக வேண்டும் என்று அந்த இடத்தில் முடிவெடுத்தேன். கண் பரிசோதனைக்கு எழுத்து வரிசையைப் பாடமாக்கினவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். காதுக்கும் ஏதாவது ஒரு வழி இருக்காதா என்ன?

வியாழக்கிழமை வாகனத்துக்குள் ஒரு சின்னக் கூண்டு. உள்ளே ஒரு கதிரை, தலையில் மாட்டுகிற ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமத்த வேண்டும். கூண்டுக்குக் கண்ணாடி ஜன்னல். வெளியே மெஷினுக்கு முன்னால் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், நாற்பது வயது, அடர்ந்த மீசை, பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை.

என் கண் அவர் மேலேயே இருந்தது. இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அவர் சத்தம் விடும்போதெல்லாம் வலது தோள் ஒரு நூல் மேலே ஏறும். தோள் ஏறியதா, அமத்து. இறங்கியதா, சும்மா இரு. முகத்தைச் சங்கீதம் கேட்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். தோள், அமத்து. தோள், அமத்து. என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையும் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை.

அவர் மெஷினை விட்டுவிட்டுக் கூண்டின் கதவைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்றி, என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"ஐயா, ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்க சேர்."

"நான் தேத்தண்ணி குடிச்சது உங்களுக்குக் கேட்டதோ?"

"இல்லியே."

"ரெண்டு தரம் கோப்பையைத் தூக்கினன். ரெண்டு தரமும் அமத்தினீங்கள். அந்த நேரம் நான் சத்தமே விடேல்லை."

"தேத்தண்ணி அவ்வளவு ஸ்ட்ரோங்கா இருந்திருக்கும் சேர்" என்றேன்.

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சுவர், அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். பொத்தானில் கட்டைவிரல். ஒன்றும் வரவில்லை. இனி வரும் என்று இருந்தேன். இடது காதில் சிலது வந்தது, தடித்த சத்தங்கள், தூரத்து டிரம் மாதிரி. அமத்தினேன். பிறகு ஒன்றும் இல்லை. அவர் அந்த நேரமெல்லாம் சத்தம் விட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். எண்ணி எண்ணிப் பார்த்தேன். எதை எண்ணுவது?

வெளியே வந்ததும் ஒரு வரைபடம் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், பிறகு கடுகண்ணாவ மலைப்பாதை இறக்கம் மாதிரி விழுந்து கிடந்தது. வலது காதுக்கு நேரான இடமே இல்லை, தொடங்கும்போதே இறக்கம்.

"கனகாலம் பெரிய சத்தத்துக்குள்ள இருந்திருக்கிறீங்கள். தடிச்ச சத்தம் இன்னும் பிடிக்குது. கீச்செண்ட சத்தம் போயிட்டுது. போன் மணி, வண்டி அடிக்கிற பீப், பொம்பிளையளின்ர குரல், இதெல்லாம்."

இதை வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: "என் கொரலு மட்டும் கேக்காதுன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா? சௌரியமாப் போச்சி ஒங்களுக்கு." சொல்லிவிட்டு அன்றைக்கு முழுவதும் எனக்கு நேரே வந்து நின்றே பேசினாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை எச்.ஆர். கந்தோருக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். கல்யாணத்துக்குப் போடுகிற நீலச் சேர்ட். இருபத்தைந்து வருட சேவைக்குக் கம்பனி தந்த சான்றிதழ், கண்ணாடிச் சட்டத்தோடு, சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது. செந்தமிழில் இரண்டு பக்கக் கருணை மனு. கம்பனியில் என்னைவிட மோசமாகக் காது கேட்காதவர்கள் என்று நான் சந்தேகப்பட்ட ஐந்து பேரின் பட்டியல்கூடச் சட்டைப் பையில் இருந்தது. அதில் முதலாவது பேர் எங்கள் மெனேஜர். அந்தப் பட்டியலை வெளியே எடுக்காததற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மேசையில் என் படிவம், 'இல்லை' என்ற அந்த ஆழமான புள்ளடியோடு. பக்கத்தில் வரைபடம். படிவம் தந்த சிங்களப் பெண் ஏதோ சொன்னார். நான் வழக்கம் போல முந்திக்கொண்டேன்.

"மிஸ், இந்தக் கோட்டப் பாத்தா பங்குச் சந்த மாதிரி இருக்கு. எப்ப ஏறும்?"

அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. வரைபடத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"அய்யே, நான் சொன்னது கேட்காமல் பகிடி பண்ணினீர்களா, கேட்டும் பண்ணினீர்களா?"

இருபத்தாறு வருடத்தில் இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. பதிலுக்கு ஒரு பகிடி தேடினேன். கிடைக்கவில்லை.

"கேக்கல்ல மிஸ்."

"நான் எங்கே இருந்தால் நல்லது?"

இடப்பக்கம் காட்டினேன். கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிறகு படிவத்தின் இரண்டாவது பந்தியில் விரலை வைத்தார்.

"இதில் குறை என்று ஒரு சொல் இருக்கிறது, தடை என்று ஒரு சொல் இருக்கிறது. உங்கள் காதைப் பற்றி டொக்டர் சொல்லிவிட்டார். அது ஒரு பாதி. மற்றப் பாதி டொக்டருக்குத் தெரியாது. இந்தக் கம்பனியில் உங்களை மறிப்பது எது? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

நான் எல்லாக் கேள்விக்கும் ஆயத்தமாகப் போயிருந்தேன், இந்த ஒன்றைத் தவிர. எனக்கு என்ன ஏலாது என்று கேட்பார்கள், எல்லாம் ஏலும் என்று சத்தியம் பண்ணலாம் என்றுதான் இருந்தேன். கம்பனிக்கு என்ன குறை என்று என்னிடம் கேட்பார்கள் என்று யார் கண்டது?

"ஃபோர்க்லிஃப்ட் பீப்" என்றேன். எழுதினார். "மேசைல இருக்கிற போன் மணி." எழுதினார். "திங்கக்கெழம காலைக் கூட்டம். கென்டீன்ல, அந்த ஃபேனுக்குக் கீழ வைக்கிறாங்களே, அது. நான் என்னிக்குமே அதுல ஒண்ணும் கேட்டதில்ல. பக்கத்து ஆளு தலையாட்டுறப்ப நானும் ஆட்டுவேன்." எழுதினார். "என் மேச வாசலுக்கு முதுக காட்டிக்கிட்டு இருக்கு." அதையும் எழுதித் தாளைத் திருப்பினார். எனக்கே ஆச்சரியம். பதினைந்து வருடமாக நான் ஒளித்து வைத்திருந்தது என் காதை என்று நினைத்தேன். இதெல்லாமும் கூடவே ஒளிந்திருந்திருக்கிறது.

எல்லாம் சொல்லி முடித்ததும், நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்.

"மிஸ், இதுக்குப் பொறகு எனக்கு அரைப்பேரா?"

அவர் படித்த வகுப்பில் அந்தச் சொல் வந்திருக்காது. மடுவம், நிறுவை, மடங்காத மூன்று விரல், எல்லாவற்றையும் சொன்னேன். பேனையை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மனிதருக்கு விரல் மடக்காமல் செய்யக்கூடிய வேலை எதுவும் அங்கே இருக்கவில்லையா?"

நான் யோசித்தேன். அவர் லயத்தில் எல்லோருக்கும் கடிதம் எழுதிக் கொடுக்கிறவர். வலது கை நல்ல கை. மடுவத்தில் உட்கார்ந்து கொழுந்துக் கணக்கைத் தாராளமாக எழுதியிருக்கலாம்.

"இருந்திச்சி மிஸ். யாரும் கேக்கல்ல."

"உங்கள் சம்பளத்திலும் பதவியிலும் இதனால் ஒரு மாற்றமும் வராது. எழுத்திலேயே தருகிறேன்" என்றார். முதலாவது பந்தியையும் காட்டினார். "நாட்டுச் சட்டத்தின்படி நீங்கள் வருவீர்களா என்று எனக்குச் சொல்ல இயலாது. அதைப் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். எங்களுக்கு இரண்டில் ஒன்று போதும். இதை யாருக்குச் சொல்வது, யாருக்குச் சொல்லாமல் விடுவது என்பது உங்கள் விருப்பம்."

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவருக்கு மட்டும் சொல்லிருங்க. அவனுக்குத் தெரியும். ஆனா நானே வாயத் தொறந்து சொன்னேன்னும் அவனுக்குத் தெரியணும்."

புதுப் படிவம் ஒன்று தந்தார். 'ஆம்' கட்டத்தில் புள்ளடி போட்டேன். அவசரத்தில் அதன் ஒரு கால் பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. இன்னொரு படிவம் தந்தார்.

அக்குறணைக்காரன் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்து வந்ததும் நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவன் இருந்த மூலைக்குப் போனேன்.

"செல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன கேட்டாங்க?"

"இங்க ஒனக்கு என்ன தடைன்னு கேட்டாங்க. முதல் ஆளா ஒன் பேரத்தான் குடுத்தேன்."

"ஒன்ட மேல அண்டைக்கே வண்டிய ஏத்தியிருக்கோணும்" என்றான். பிறகு நகர்ந்து, எனக்கு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு வந்து உட்கார்ந்து, மாசிச் சம்பலை என் பக்கம் தள்ளினான்.

அதற்குப் பிறகு நடந்ததில் பெரிய கதை ஒன்றுமில்லை. அரை நாள் லீவு போட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே சமூக சேவைப் பக்கம் இருந்தவர் மரியாதையாகக் கேட்டார்: தனியாகச் சாப்பிடுகிறீர்களா, நடக்கிறீர்களா, பஸ்ஸில் வருகிறீர்களா, வேலை செய்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் ஆம் என்றேன். அப்படியானால் சட்டத்தில் இருக்கிற விளக்கத்துக்குள் நீங்கள் வருவது கஷ்டம், வேண்டுமானால் வைத்திய அறிக்கையோடு வாருங்கள், பார்ப்போம் என்றார். நான் திரும்பிப் போகவில்லை. ஆகவே கம்பனி கேட்டுக்கு உள்ளே நான் இயலாமை உள்ளவன், வெளியே வந்தால் அது இன்னும் முடிவாகவில்லை.

சொன்னபடி கடிதம் வந்தது, சம்பளமும் பதவியும் அப்படியே என்று. என் மேசையை வாசலைப் பார்க்கத் திருப்பினார்கள். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசியதை எழுதி அனுப்பினார்கள், மூன்று கிழமை. நாலாவது கிழமை நின்றுபோனது. போய்க் கேட்டேன், மறுபடி வந்தது. மணியடித்தால் வெளிச்சம் போடுகிற போன் இன்னும் வரவில்லை. இடது காதுக்கு ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறேன். வலதுக்குப் போட்டுப் பிரயோசனம் இல்லை என்றுவிட்டார்கள்.

ஃபோர்க்லிஃப்ட்டுக்கு விளக்குப் பூட்ட ஐந்து கிழமை எடுத்தது. பின்னால் எடுக்கும்போது வண்டிக்கு முன்னதாகவே தரையில் ஒரு நீல வட்டம் ஓடி வரும். பூட்டிய அன்றைக்குப் பின்னேரம் நான் குனிந்து பெட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். நீல வெளிச்சம் என் சப்பாத்துக்குப் பக்கத்தில் வந்தது. நான் விலகினேன். வண்டி போனது.